பின்பாரம்

அந்தக் கோடை முழுவதும் பந்தய வண்டியை நான் ஒரே நேரக்கணக்கில்தான் ஓட்டினேன். கால் மைலுக்கு 12.41 விநாடி. அடுத்த ஞாயிறும் 12.41. அதற்கடுத்த ஞாயிறு வெயில் கொளுத்தியதால் 12.43. மைதானத்துக் கோபுரத்தில் உட்கார்ந்து நேரச் சீட்டு கொடுக்கும் வாண்டா, மிஷின்தான் எங்கோ சிக்கிக்கொண்டுவிட்டது என்று நினைத்து அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாளாம். அதை அவளே என்னிடம் சொன்னாள்.

"நெஞ்சுக்குள்ள என்னடி வச்சிருக்க, கடிகாரமா?"

நெஞ்சுக்குள் ஒன்றும் இல்லை, அதனால்தான் இப்படி ஓட்டுகிறேன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

வண்டி 1974ஆம் வருடத்துக் கிரெம்லின். முன்பக்கம் முழுக் காரைப் போல நீளமாக இருக்கும். பின்பக்கம், யாரோ கோடரியால் ஒரே போடாகப் போட்டதுபோல், சட்டென்று முடிந்துவிடும். பெட்ரோல் விலை ஏறிய வருடங்களில் எங்கள் பக்கத்து ஆட்கள் வேண்டாவெறுப்பாக வாங்கிய குட்டிக் கார்கள் சில உண்டு. கிரெம்லின், வேகா, பிண்ட்டோ. பத்து வருடம் கழித்து அவை தோட்டத்து மூலைகளில் புல் முளைத்துக் கிடந்தபோது, பட்டறைக்காரர்கள் அவற்றை இழுத்து வந்து பெரிய கார்களின் எட்டு சிலிண்டர் என்ஜினை உள்ளே திணித்தார்கள். சுண்டெலிக்கு எருமையின் இதயத்தை வைத்த மாதிரி. ஹார்லோ பந்தய மைதானத்தில் ஞாயிறு பிற்பகல் அவர்களுடையது.

என் கணவன் லைல் பள்ளிப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எங்கள் கிரெம்லினுக்குள் அவன் வைத்தது, பள்ளத்தில் உருண்ட ஒரு போலீஸ் காரின் என்ஜின். அந்த இரும்பு முழுவதும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டதால் வண்டிக்கு முன்பாரம் அதிகமாகிவிட்டது. மிதித்தால் பின்சக்கரம் தரையைப் பிடிக்காமல் சும்மா சுற்றும். அதனால் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு இரும்புப் பெட்டியை வெல்டிங் செய்து பொருத்தினான். உள்ளே நான்கு மூட்டை ஈயக்குண்டு, வாத்து சுடும் துப்பாக்கிக்குப் போடுவது, மூட்டைக்கு இருபத்தைந்து பவுண்டு. மேலே மூடி. நான்கு மூலைக்கும் நான்கு போல்ட்டு. அவனே கறுப்புப் பெயிண்ட் அடித்தான்.

இதையெல்லாம் அவன் செய்தது 1983 டிசம்பரிலிருந்து மார்ச் வரை.

அதற்கு முந்தின நவம்பரில் எங்களுக்கு மகள் பிறந்தாள். கொரின். பதினோரு நாள் இருந்தாள்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவளுக்காக வைத்திருந்த அறை காலியாக இருந்தது. தொட்டில் இல்லை. அலமாரி இல்லை. நான் பின்னிக்கொண்டிருந்த மஞ்சள் போர்வை, ஊசிகூட, இல்லை. சுவரில் தொட்டில் உரசிய ஒரு கோடு மட்டும் இருந்தது. சர்ச்சின் கீழ்த்தளத்தில் பழைய சாமான் விற்பனை நடக்கும் மாதம் அது. அங்கே கொடுத்திருப்பான் என்று எண்ணிக்கொண்டேன். நான் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை. என்னைக் கேட்காமல் செய்துவிட்டான் என்பது மட்டும் தொண்டையில் மீன்முள்போல நின்றது. முழுங்கவும் முடியவில்லை, வெளியே எடுக்கவும் முடியவில்லை.

அவன் கேரேஜுக்குப் போய்விட்டான். நான் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். குளிர்காலம் அப்படியே போனது. வேலைக்குப் போனேன், வந்தேன். பால் கூட்டுறவில் கொழுப்பு அளக்கும் வேலை எனக்கு. குழாயில் பாலை விடு, அமிலத்தை விடு, சுற்று, படி, எழுது. நாளைக்கு இருநூறு குழாய். ஒன்றுகூடத் தப்பாகவில்லை.

ஏப்ரலில் லைல்தான் முதலில் ஓட்டினான். கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்து பச்சை விழ வேண்டும், அப்போது கிளம்ப வேண்டும். லைலின் கால் பச்சைக்குக் காத்திருக்கவில்லை. மூன்று ஞாயிறும் சிவப்பு விழுந்தது, மூன்று ஞாயிறும் முதல் சுற்றிலேயே வெளியே. மூன்றாவது ஞாயிறு அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்தபடி என்னிடம் வந்தான்.

"நீ ஒரு தடவ ஓட்டிப் பாக்கிறியா?"

சரி என்றேன். எதைக் கேட்டாலும் அப்போது சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

எங்கள் பந்தயத்தில் வேகமாகப் போகிறவர் ஜெயிப்பதில்லை. ஒவ்வொருவரும் தன் வண்டி எத்தனை விநாடியில் ஓடும் என்று தானே கணித்து, கண்ணாடியில் வெள்ளையாக எழுதிவிட வேண்டும். மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாசம் அளவுக்கு முன்கூட்டியே பச்சை விழும். முதலில் கோட்டைத் தொடுகிறவர் ஜெயிப்பார். ஆனால் எழுதிய எண்ணைவிட விநாடியில் நூறில் ஒரு பங்கு வேகமாகப் போனாலும் தோற்றுப்போவார். ஆகவே ஆசைப்படாத கால் வேண்டும். பயப்படாத கால் வேண்டும். என்னிடம் அது இருந்தது. விளக்கு விழும், மிதிப்பேன். கோடு வரும், விடுவேன். நடுவில் இருந்த பன்னிரண்டு விநாடியில் எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

எண்ணை எழுதுவது லைலின் வேலை. குழந்தைகளின் வெள்ளை ஷூவுக்குப் பூசும் பாலிஷ்தான் அதற்கு எல்லாரும் வாங்குவது. பஞ்சுத் தலை வைத்த சின்ன பாட்டில், லேபிளில் ஒரு ஜோடி குட்டி ஷூ படம். அவன் அந்த லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தான்.

காற்றின் ஈரம், தார்ச்சாலையின் சூடு, டாங்கில் எவ்வளவு பெட்ரோல், எல்லாம் பார்த்துத்தான் எழுதுவான். சக்கரத்தில் மண் ஒட்டியிருந்தால் வழித்து எடுத்துவிட்டு எழுதுவான். அவன் எழுதிய எண் ஒருநாளும் பொய்த்ததில்லை. நானும் பொய்க்க விடவில்லை. மற்றபடி எங்களுக்குள் பேச்சு குறைவு. ஜூலைக்குள் மைதானத்தில் எனக்கு ஐஸ்பெட்டி என்று பெயர் வந்துவிட்டது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, வண்டியை டிரெய்லரில் ஏற்றித் திரும்பும்போது சொன்னேன்.

"டுலூத்துக்குப் போறேன். அக்கா வீட்டுக்கு. பெர்னீஸ் அங்க ஒரு வேலை பாத்து வச்சிருக்கா."

"எத்தனை நாளைக்கு?"

"திரும்பி வர்ற மாதிரி இல்ல."

இரண்டு சோளக்காடு கடந்தது. ஒரு தண்ணீர்த் தொட்டி கடந்தது.

"கடைசி ரேஸ் அக்டோபர் பதினாலு" என்றான்.

"அது முடிஞ்சு போறேன்."

பதினைந்தாம் தேதி காலைப் பேருந்துக்கு டிக்கெட் வாங்கி, சமையலறை நாட்காட்டியின் ஆணியில் மாட்டினேன். அவன் தினமும் அதைத் தாண்டித்தான் காப்பி எடுக்கப் போனான்.

பதினான்காம் தேதி நல்ல குளிர். குளிர்ந்த காற்று என்ஜினுக்குப் பிடிக்கும். லைல் 12.36 என்று எழுதினான். ஐந்து சுற்று ஓட்டினேன். 12.36, 12.37, 12.36, 12.36, 12.37. மூன்று மணிக்கு இறுதிச் சுற்று. எனக்கு எதிரே டெல்பர்ட்.

டெல்பர்ட் கூரைக்குத் தகடு போடுகிறவன், வாய் ஓயாதவன். அவனுடைய பிண்ட்டோ ஆரஞ்சு நிறம். சீசன் முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேலிதான்.

"அம்மணி, மீதி வண்டி எங்க? வர்ற வழியில விழுந்துடுச்சா?"

நான் பதில் சொன்னதில்லை. சொல்லாததுதான் அவனை உறுத்தியிருக்க வேண்டும். அன்றைக்கு அவன் பரிசோதகர் ஸ்டெர்லிங்கிடம் போய் ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டான். வெளியூர் மைதானங்களில் சிலர் மின்சாரப் பெட்டி ஒன்றை ஒளித்துவைத்து, காலுக்குப் பதில் அதை வைத்துக் கிளப்புகிறார்கள் என்று பேச்சு இருந்தது.

"மனுஷக் கால் இப்படி வேலை செய்யாது, ஸ்டெர்லிங். நான் அவமேல தப்பு சொல்லல. லைல் கைவேலைக்காரன், அதான் சொல்றேன்."

ஸ்டெர்லிங் ஓய்வுபெற்ற தபால்காரர். நிதானமான மனிதர். டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்தார். பானட்டைத் திறந்து ஒவ்வொரு வயரையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஒன்றும் இல்லை. கடைசியில் டார்ச் பின்னால் இருந்த கறுப்புப் பெட்டியில் விழுந்தது.

"அது பாரம்" என்றான் லைல்.

"தெரியும்ப்பா. ஒரு நிமிஷம் தொறந்து காட்டிடு."

"வெறும் ஈயம். வேணும்னா வண்டிய எடை போட்டுக்கோங்க. தொறக்க மாட்டேன்."

லைல் யாரிடமும் இப்படிப் பேசுகிறவன் இல்லை. ஸ்டெர்லிங்குக்கே சங்கடமாகிவிட்டது. தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.

"லைல், உன்னைச் சின்ன வயசுலேர்ந்து பாக்கிறேன். ஆனா ஆட்சேபம் எழுதிக் குடுத்தாச்சு. தொறக்கலேன்னா வண்டிய வெளிய எடுத்துட்டுப் போகணும்."

"எடுத்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு அவன் டிரெய்லர் பக்கம் நடந்தான். ஆக, ஏமாற்றித்தான் இருக்கிறான் என்று நினைத்தேன். பன்னிரண்டு விநாடியும் அந்தப் பெட்டிக்குள் இருந்த ஏதோ ஒன்றுதான் ஓட்டியிருக்கிறது, நான் இல்லை. அப்படி நினைத்தபோது எனக்கு ஒருவிதத்தில் சுலபமாக இருந்தது. மறுநாள் பேருந்தில் ஏறி உட்கார அது போதும்.

கருவிப்பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்து, பின்கதவின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, முதல் போல்ட்டைத் திருகினேன்.

லைல் திரும்பிப் பார்த்தான். ஓடி வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னான்.

"மார்லிஸ், வேணாம்."

நான்காவது போல்ட்டையும் கழற்றி மூடியைத் தூக்கினேன்.

நான்கு மூலையிலும் நான்கு ஈய மூட்டை. நடுவில் மஞ்சள் போர்வை, பின்னி முடியாத ஓரத்தில் ஊசி செருகியபடி. அதற்குள் மரத்தாலான மீன்கள் தொங்கும், தொட்டிலுக்கு மேலே கட்டுகிற விளையாட்டுச் சாமான், நூல்கள் சிக்காமல் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றி வைத்திருந்தது. இரண்டு கம்பளிக் காலுறை. ஒரு பவுடர் டப்பா. சாண்ட்விச் வைக்கும் பிளாஸ்டிக் பையில் ஆஸ்பத்திரிக் கைப்பட்டை. எதுவும் குலுங்கிச் சத்தம் போடாதபடி சுற்றிலும் பனியன் துணி அடைத்திருந்தது.

ஸ்டெர்லிங் டார்ச்சை அணைத்துவிட்டார்.

"மூடச் சொல்லுங்க" என்றான் டெல்பர்ட், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "நான் எழுதினதக் கிழிச்சுப் போடுங்க. நான் ஒண்ணும் பாக்கல."

அவர்கள் இரண்டு பேரும் விலகிப் போனார்கள். லைல் வந்து என் பக்கத்தில் மண்டியிட்டான். நான் போர்வையைத் தொட்டிருந்ததால் அது ஒரு பக்கம் கலைந்திருந்தது. அதைச் சரியாக மடித்து வைக்க இடம் போதவில்லை. ஈய மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புல்லில் வைத்தான்.

"நீ எல்லாத்தையும் குடுத்துட்டன்னு நெனச்சேன்" என்றேன்.

"தொட்டிலத்தான் குடுத்தேன். இதுக்குக் கை வரல." போர்வையின் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்தான். "வீட்டுல எங்க வச்சாலும் நீ பாத்துருவ. நீ பாக்கக் கூடாதுன்னுதான் அன்னிக்கு அவசர அவசரமா எடுத்தேன். அப்புறம் எங்க வைக்கறதுன்னு தெரியல."

"எப்ப இதுக்குள்ள வச்ச?"

"ஜனவரில."

"அப்ப நீதான ஓட்டறதா இருந்த?"

"ஆமா."

"நான் ஓட்ட ஆரம்பிச்சப்பறம் ஏன் எடுக்கல?"

அவன் கை நின்றது. பொய்யும் சொல்லத் தெரியாது, நிஜத்தையும் சொல்லத் தெரியாது அவனுக்கு.

"எடுத்தா எடை மாறிடும்" என்றான்.

எல்லாம் சேர்ந்து மூன்று பவுண்டுகூட இருக்காது.

ஒலிபெருக்கியில் வாண்டா கூப்பிட்டாள். இறுதிச் சுற்றுக்கு இரண்டு வண்டியும் வரிசைக்கு வர வேண்டும், இதுவே கடைசி அழைப்பு. லைல் மரமீன்களை வைத்தான், காலுறைகளை வைத்தான், துணியை அடைத்தான், மூடியைப் போட்டான். நான்கு போல்ட்டையும் முறுக்கி, ஒவ்வொன்றையும் இரண்டாம் தடவை முறுக்கினான். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கக் கண்ணாடியில் 12.36 ஏற்கனவே எழுதியிருந்தது.

மஞ்சள், மஞ்சள், மஞ்சள். பச்சை. மிதித்தேன்.

வால் ஒரு கணம் நழுவியது. கோடை முழுக்க அது நழுவியதே இல்லை. பிறகு டயர் தரையைக் கவ்வியது. இரண்டாவது கியர் போட்டபோது வண்டி வழக்கத்தைவிடச் சீக்கிரம் கூவியது. முதுகில் சீட்டு அழுத்துகிற அழுத்தம் வேறாக இருந்தது. பாதித் தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, வண்டி இலேசாக இருக்கிறது என்று. புல்லில் நான்கு மூட்டை வரிசையாக உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. இப்படியே போனால் எழுதிய எண்ணைத் தாண்டிவிடுவேன். காலைக் கொஞ்சம் எடுத்தால் போதும். மைதானத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். டெல்பர்ட்டின் பிண்ட்டோ இன்னும் என் பின்சக்கரத்துக்குப் பின்னால்தான் இருந்தது, காலை எடுத்தாலும் ஜெயிக்க இடம் இருந்தது.

நான் எடுக்கவில்லை.

12.28.

வாண்டா சீட்டை நீட்டியபோது எதுவும் கேலி செய்யவில்லை. "மிஷின் நல்லாத்தான் இருக்கு போல" என்றாள், அவ்வளவுதான்.

நான் திரும்பி ஓட்டி வந்தபோது லைல் அந்த நான்கு மூட்டைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். சக்கரத்து மண்ணை வழித்து எடை பார்க்கிற மனிதன். அவன் முகத்தைப் பார்த்தால், கையில் பிடித்திருந்த கோழி எப்போது பறந்தது என்று தெரியாமல் நிற்கிறவன்போல இருந்தது.

"மறந்துட்டேன்" என்றான். "நூறு பவுண்டு. மறந்தே போயிட்டேன்."

"தெரியும்."

"எப்பத் தெரிஞ்சது?"

"பாதி வழியில."

"அப்ப ஏன் கால எடுக்கல?"

"எடுக்கத் தோணல" என்றேன். அதற்குமேல் எனக்கும் தெரியவில்லை. சந்தோஷமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. கை மட்டும் குளிரில் இருந்து உள்ளே வந்ததுபோல விரல்நுனியில் குறுகுறுவென்று இருந்தது.

டெல்பர்ட் வந்தான். ஒரு கையில் அவன் ஜெயித்த, தங்க முலாம் பூசிய பிளாஸ்டிக் கோப்பை. மறு கையில் காகிதத்தில் சுற்றிய சாசேஜ் இறைச்சி வைத்த இரண்டு ரொட்டி. ரொட்டியை பானட்டின்மேல் வைத்தான்.

"அரை வண்டிக்கு அரைக் கப்பாவது வெட்டித் தரலாமான்னு கேக்க வந்தேன்" என்றான். குரல் வழக்கம்போல் எழும்பவில்லை. "எனக்குத் தெரியாது, மார்லிஸ். தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன்."

"கடுகு சாஸ் போட்டிருக்கியா?" என்று கேட்டேன்.

"ரெண்டுலயும்."

அவன் போனபிறகு டிரெய்லரின் விளிம்பில் உட்கார்ந்து இருவரும் அதைத் தின்றோம். லைல் மூட்டைகளை ஏற்றினான். வண்டியைச் சங்கிலி போட்டுக் கட்டினான். வெயில் சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். வழியில் அதே தண்ணீர்த் தொட்டி, அதே சோளக்காடுகள், அறுவடை முடிந்து கட்டைகளாக நின்றன.

கேரேஜில் வண்டியை இறக்கிவிட்டு அவன் விளக்கைப் போடப் போனான். நான் வீட்டுக்குள் போகவில்லை. சமையலறையில் ஆணியில் மாட்டிய டிக்கெட் இருக்கிறது. காலை ஒன்பது இருபதுக்குப் பேருந்து. அக்கா படுக்கை விரித்து வைத்திருப்பாள். அவளுக்கு ஒரு போன் பண்ண வேண்டும். என்ன சொல்வதென்று யோசித்தால் வார்த்தை வரவில்லை. ஆனால் அந்தப் பின்னல் ஊசி எத்தனையாவது வரிசையில் செருகியிருந்தது என்பது மட்டும் தெளிவாக நினைவிருந்தது.

"லைல்."

"ம்."

"அந்தப் போர்வைய எடுத்துக் குடு. ஒரு ஓரம் பாக்கி இருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான். எதையோ கேட்க நினைத்து, அதைக் கேட்காமல், தனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் கேட்டான்.

"எடை மாறுமே?"

"மாறட்டும். ஏப்ரல் ரேஸ் வரைக்கும் நேரம் இருக்கு. புதுசா எடை போட்டுப் பாத்துக்கலாம்."

அவன் ஸ்பானரை எடுக்கக் குனிந்தான். அது அவன் கைக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. இருந்தும் கொஞ்சநேரம் தேடினான்.